சவர்க்கார அச்சு: யோகட் கப்பா, எஸ்லோன் பைப்பா, பால் பெட்டியா?

வீட்டில் சவர்க்காரம் செய்யத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது யோகட் கப். கழுவிக் கலவையை ஊற்றினால் போதும், வெட்டுகிற வேலையே இல்லை. கொழும்பில் அது சரி. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கோ, தலவாக்கலைக்கோ அது ஒத்துவராது.

காரணம் குளிர்தான். காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் சேரும்போது கலவை தானாகவே சூடு பிடிக்கும். அந்தச் சூடு சில மணி நேரமாவது நின்றால் கட்டி நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே நிறமாக இறுகும். சின்னக் கப்பில் சூடு நிற்காது. தேங்காய் எண்ணெயோ 24 பாகை செல்சியசுக்குக் கீழே போத்தலுக்குள்ளேயே உறைகிற சாமான். கலவை சேராமலே சேர்ந்த மாதிரி கெட்டியாகி ஏமாற்றிவிடும்.

சிரட்டை பார்க்க அழகு, ஆனால் கட்டி வெளியே வராது. பழைய தேயிலைப் பெட்டி வீட்டில் இருந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளை முழுக்க உரித்துவிடுங்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரிக்கும், எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வாயுவும் வரும். அலுமினியச் சட்டியும் அதனால்தான் ஆகாது.

எஸ்லோன் (பிவிசி தண்ணீர்க் குழாய்) பைப்பில் வட்டக் கட்டிகள் கடைச் சாமான் மாதிரி வரும். விற்க நினைப்பவர்களுக்கு நல்லது. உள்ளே லஞ்ச் ஷீட்டைச் சுருட்டி வைக்காவிட்டால் மட்டும் தள்ளி எடுப்பது பெரும் பாடு.

என் தெரிவு ஒரு லீட்டர் பால் பெட்டி. 600 கிராம் எண்ணெயில் கலக்கியது அதில் தளும்பாமல் அடங்கும். படுக்கவைத்து, மேல்பக்கத்தை வெட்டித் திறந்து, உட்பக்கப் பிளாஸ்டிக் படலத்தைக் கீறாமல் கழுவித் துடையுங்கள். படலத்துக்குப் பின்னால் அலுமினியம் இருக்கிறது. ஊற்றியதும் பக்கங்கள் புடைக்கும், இரண்டு பக்கமும் செங்கல்லை அணைத்து வையுங்கள். மேலே ஓர் அட்டையை மூடிப் பழைய கம்பளியால் சுற்றினால் குளிர் இரவிலும் சூடு தங்கும்.

அப்புறம், தனித் தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரத்தை மறுநாள் வரை விடக்கூடாது. இறுகியும் இளஞ்சூடு இருக்கும்போதே கையுறையோடு பெட்டியைக் கிழித்து வெட்டுங்கள். ஆறிவிட்டால் கத்தி பட்டதும் உதிரும். கிழித்தெறியக்கூடிய அச்சு கைகொடுப்பது அங்கேதான். வெட்டிய கட்டிகளை 4 வாரம் காற்றாட அடுக்குங்கள். மூடுபனிக் காலத்தில் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.