சக ஊழியர்களிடம் கருத்துக் கேட்கக் கூகுள் ஃபார்ம்ஸ்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோவையில் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) பதவி உயர்வு கைநழுவியபோது எனக்குச் சொல்லப்பட்ட காரணம், "மற்ற பிரிவுகளோடு இன்னும் அனுசரித்துப் போக வேண்டும்" என்பது மட்டுமே. எந்தப் பிரிவு, எந்த விஷயத்தில் என்று கேட்டதற்கு, "பொதுவாகத்தான் சொன்னேன்" என்றார் மேலாளர். பொதுவாகச் சொன்னதை வைத்துக்கொண்டு எதைத் திருத்துவது என்று விளங்காததால், அன்றாடம் என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் நானே கேட்டுவிடுவதென்று முடிவு செய்து, கூகுள் ஃபார்ம்ஸில் ஒரு படிவம் தயாரித்தேன். இதுவரை மூன்று முறை அப்படிச் செய்திருக்கிறேன்.

கருவியைக் கையாள்வதில் சிரமம் ஏதுமில்லை. கட்டணம் கிடையாது, ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், தமிழிலேயே கேள்விகளை எழுதி, இணைப்பை வாட்ஸாப்பில் அனுப்பிவிடலாம். அலுவலகக் கணக்கில் உருவாக்கும் படிவம் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குத் திறக்காதபடி அமைந்திருக்கக்கூடும் என்பதால், வார்ப்படம் சப்ளை செய்பவர்களிடமும் கேட்க நினைப்பவர்கள் அந்த அமைப்பை முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

படிவம் எளிது, கேள்விதான் கடினம். முதல் படிவத்தில், 1 முதல் 5 வரை மதிப்பெண் இடும் அளவுகோல் வகைக் கேள்விகளாக எட்டு வைத்திருந்தேன்: என் பேச்சு தெளிவாக இருக்கிறதா, என்னை எளிதில் அணுக முடிகிறதா, நான் ஒத்துழைக்கிறேனா என்றெல்லாம். ஒன்பது பேருக்கு அனுப்பியதில் ஏழு பேர் பதிலளித்தார்கள். அநேகமாக எல்லாரும் எல்லாவற்றுக்கும் 4 போட்டிருந்தார்கள். அதைக் கூகுள் ஃபார்ம்ஸ் அழகான வரைபடமாகவும் ஆக்கிக் காட்டியது. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன பதில் வருமோ, அந்தப் பதிலின் வரைபடம் அது.

இரண்டாவது முறை, பத்தியாக விடை எழுதும் வகையில் இரண்டே கேள்விகள் வைத்தேன். "சென்ற ஒரு மாதத்தில் என் செயலால் உங்கள் வேலை தாமதமான ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கள்" என்பது ஒன்று, "அடுத்த மூன்று மாதங்களில் நான் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வதென்றால் எதை மாற்ற வேண்டும்?" என்பது மற்றொன்று. இந்த முறை மூன்று பேர், தனித்தனியாக, ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். பம்பினுள் சுழன்று நீரைத் தள்ளும் பாகமான இம்பெல்லரைத் திருப்பி அனுப்பும்போது ரிஜெக்ஷன் சீட்டில் "அளவு தவறு" என்று மட்டும் எழுதிவிடுகிறேனாம். எந்த இடத்து அளவு, எவ்வளவு விலகல் என்று தெரிந்துகொள்ள அவர்கள் மெஷின் ஷாப்பிலிருந்து என் மேசைக்கு நடந்து வர வேண்டியிருக்கிறதாம். அனுசரித்துப் போகாதவன் என்ற பெயர் எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இந்த வேறுபாட்டை ஆராய்ச்சியாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ஆவ்ரஹாம் க்ளூகரும் ஆஞ்சலோ டெனிசியும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, அதற்கு முந்தைய பல ஆய்வுகளின் 607 முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஒருவரின் வேலையைப் பற்றி அவருக்குச் சொல்லப்படும் கருத்துரை சராசரியில் பயன் தந்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கருத்துரையைப் பெறுபவரின் கவனம் வேலையிலிருந்து விலகி, தான் எப்படிப்பட்டவன் என்பதன் பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். என் முதல் படிவம் என்னைப் பற்றிக் கேட்டது; இரண்டாவது, சீட்டைப் பற்றிப் பேச வைத்தது.

பெயர் மறைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்க வேண்டாம் என்று அமைத்துவிட்டு, "உங்கள் பெயர் எனக்குத் தெரியாது" என்று படிவத்தின் தலைப்பிலேயே எழுதியிருந்தேன். ஆனால் பதில்களைக் கூகுள் ஷீட்டில் சேர்த்துப் பார்க்கும்போது, ஒவ்வொரு பதிலும் வந்து சேர்ந்த தேதியும் நேரமும் முதல் நெடுவரிசையில் நிற்கும். காலை ஆறு மணிக்கு முன்பாக வந்திருந்த ஒரு பதிலை யார் எழுதியிருப்பார் என்று ஷிஃப்ட் அட்டவணையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அது கருவியின் குறையன்று. காக்க முடியாத வாக்கைக் கொடுத்தது என் பிழை. மூன்றாவது படிவத்தில் அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, "எழுத்து நடையையும் நேரத்தையும் வைத்து நான் ஊகிக்க நேரலாம்" என்று சேர்த்தேன். பதில்கள் ஆறாகக் குறைந்தன.

இன்னொரு வரம்பு இதைவிடப் பெரியது. பெயரில்லாமல் வந்த பதிலிடம் மறுகேள்வி கேட்க முடியாது. "சில நேரங்களில் கூட்டத்தில் முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தக் கூட்டம், எந்தப் பேச்சு என்று கேட்க வழியில்லாமல், அந்த வரியை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். இதற்கு நேர்மாறாக, படிவத்தை நிரப்பாத ஃபவுண்டரி மேற்பார்வையாளர், "எழுதறதெல்லாம் நமக்கு ஆகாதுங்க, நேர்லயே சொல்லிப்போடறேன்" என்று டீக்கடையில் பத்து நிமிடம் பேசினார். படிவம் அனுப்பியிராவிட்டால் அவர் பேச்சை எடுத்திருக்கவே மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது ரிஜெக்ஷன் சீட்டில் டிராயிங்கில் உள்ள அளவு, நான் அளந்த அளவு, அளந்த இடம் மூன்றையும் எழுதுகிறேன். சீட்டுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. இந்த ஆண்டு அப்ரைசலுக்குப் பழைய சீட்டொன்றையும் புதிய சீட்டொன்றையும் எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தேன். பதவி உயர்வு இந்த முறையும் வரவில்லை. ஆனால் சப்ளையர் ஆய்வுக்குச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது, அதற்கான காரணமும் இம்முறை எழுத்தில் கிடைத்தது.

ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே படிவம் வெறும் சம்பிரதாயமாகிவிடும். அதற்கு மேல் ஆட்கள் இருந்தால், இரண்டு கேள்விகளுக்கு மிகாமல் வைத்து, சம்பளப் பேச்சு நடக்கும் மாதத்தைத் தவிர்த்து அனுப்புங்கள்.