பெரிய டிரம்மா, சின்ன கேன்களா?
அவசர காலத்துக்குத் தண்ணீர் சேமிக்க 200 லிட்டர் டிரம் ஒன்று போதுமே என்றுதான் முதலில் தோன்றும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால், 4 பேருக்கு 12 நாள் ஓடும். இடமும் மிச்சம். ஆனால் நிரப்பிவிட்டால் 200 கிலோ; நகர்த்த முடியாது. அழுக்குக் குவளை ஒன்றை உள்ளே விட்டால் மொத்தமும் வீண். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற, குழாய் போட்டு உறிஞ்ச வேண்டும். வாயில் ஒரு மடக்கு போகாமல் இருக்காது!

20 லிட்டர் கேன் பத்து வாங்கினால் தரையை அடைக்கும், உண்மைதான். ஆனால் ஒன்று கசிந்தாலும் ஒன்பது மிஞ்சும். வீட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால் கையோடு இரண்டைத் தூக்கிக்கொள்ளலாம். என் ஓட்டு கேனுக்கே. வயதானவர்கள் மட்டுமே இருக்கிற வீடா? அப்போது 10 லிட்டர் கேனே சரி.