கல்பாசி: உதிரியா, பாக்கெட்டா?

மசாலாவில் சேர்க்கும் கல்பாசியை உதிரியாகவே வாங்குங்கள். பாக்கெட்டில் தூளும் மரப்பட்டைச் சில்லும் அடியில் ஒளிந்துகொள்ளும். எடையும் அதற்கே போகும்.

பெயரில்தான் கல். கடைக்கு வருவதில் பெரும்பாலானது ஈரமான மலைக்காட்டு மரப்பட்டையில் வளர்ந்த லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. உத்தராகண்டின் குமாவுன் பக்கத்து ஓக் மரங்களிலிருந்து நிறைய வருகிறது. சமையலுக்குப் பெயர்பெற்ற இனம் பார்மோட்ரீமா பெர்லேட்டம். ஓர் இதழை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேலே வெளிர்சாம்பல், அடியில் நடுப்பகுதி கறுப்பு, விளிம்பை ஒட்டிப் பழுப்பு. பத்து மடங்கு லென்ஸில் விளிம்போரம் மாவு தூவியது போன்ற துகளும், கறுப்பு மயிரிழைகளும் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சாம்பல் மங்கி, உள்ளிருக்கும் பாசியின் பச்சை மேலெழும்.

அகல இதழுக்குப் பதில் ஒடுங்கிய நாடாக்கள், அடியில் வாய்க்கால் மாதிரிக் குழிந்திருந்தால் அது எவர்னியாஸ்ட்ரம் என்ற வேறு லைக்கன். நூல்நூலாகத் தொங்குவது அஸ்னியா. இரண்டையும் கல்பாசியோடு கலந்தே விற்கிறார்கள். கலப்பு கூடக்கூட மணம் ஒரே சீராக இருக்காது. கலந்த சரக்குக்கு முதல் தர விலை கேட்பது நியாயமில்லை.

மரப்பட்டை ஒட்டியிருந்தால் கிள்ளி எறியுங்கள். அரைக் கிலோ கறிக்கு இரண்டு இதழ் போதும். காய்ந்த எண்ணெயில் போட்டுச் சில நொடிகளில் மணம் கிளம்பியதும் வெங்காயம் சேர்த்துவிட வேண்டும். கருகினால் குழம்பே கசக்கும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், இறுகிய கண்ணாடிச் சீசாவில் வையுங்கள்.