மூன்று வேளையா, ஆறு வேளையா, நாள் முழுக்கவா?

எடை குறைக்கக் கிளம்பியவரை இரண்டு கட்சிகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். "மூன்று வேளை வயிறாரச் சாப்பிடு, நடுவில் வாயைத் திறக்காதே" என்பது பாட்டி கட்சி. "இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு" என்பது ஜிம் கட்சி. மூன்றாவது ஒன்றும் உண்டு. கொடியோ கொள்கையோ அதற்குக் கிடையாது. உறுப்பினர்கள் மட்டும் ஏராளம். கைக்கு எட்டியதையெல்லாம் எட்டியபோதெல்லாம் கொறிக்கும் கட்சி அது. இதில் இருக்கும் பலர் தாங்கள் ஜிம் கட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வம்பே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஜிம் கட்சியின் வாதத்தைப் பார்ப்போம். அடிக்கடி சாப்பிட்டால் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் உணவை ஆற்றலாக்கிச் செலவிடும் வேலை, வேகம் பிடிக்கும், சும்மா உட்கார்ந்திருந்தாலும் கலோரி எரியும் என்கிறார்கள். பாதி உண்மை. உணவைச் செரிக்க உடல் ஆற்றலைச் செலவிடத்தான் செய்கிறது. வழக்கமான கலப்பு உணவில் அது சுமார் 10 சதவீதம். ஆனால் அது உணவின் மொத்த அளவைப் பொறுத்தது, எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதைப் பொறுத்ததல்ல. 1,800 கலோரியை மூன்றாகப் பிரித்தால் வேளைக்கு 600. செரிக்க 60 செலவு. ஆறாகப் பிரித்தால் வேளைக்கு 300. செரிக்க 30 செலவு. மூன்று அறுபதும் 180, ஆறு முப்பதும் 180. மூடிய அறைக்குள் ஆட்களைத் தங்கவைத்து, அவர்கள் நாள் முழுக்கச் செலவிடும் ஆற்றலை அளந்த ஆய்வுகளும் இதையே காட்டின. புரதத்தைக் கூட்டினால் செரிமானச் செலவு சற்றுக் கூடும். வேளையைக் கூட்டினால் கூடாது.

பிறகு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதன் வேர்களில் ஒன்று செக் நாட்டுத் தலைநகரான பிராக் நகரில் இருக்கிறது. 1964-இல் அங்குள்ள ஆய்வாளர் ஃபாப்ரியும் குழுவினரும் அறுபது வயதைத் தாண்டிய ஆண்களை ஆராய்ந்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள்: குறைந்த வேளை சாப்பிடுபவர்களிடம் உடல் பருமன் அதிகம், பல வேளை சாப்பிடுபவர்களிடம் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை கூடியவர்தானே முதலில் காலை உணவைத் தள்ளிவிடுகிறார்? தவிரவும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சோற்றைச் சொல்வோம், டீயோடு போன பிஸ்கட்டை மறந்துவிடுவோம். கேட்டு எழுதும் ஆய்வுகளுக்கு எங்கும் இருக்கும் நோய் இது.

ஐம்பது ஆண்டு கழித்து அதே பிராக் நகரிலிருந்து நேர்மாறான முடிவு வந்தது. 2014-இல் கஹ்லியோவா குழுவினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 54 பேருக்கு ஒரே கலோரி அளவை இரு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 வாரம் ஆறு சிறு வேளைகள். 12 வாரம் காலையும் மதியமும் மட்டும். ஆறு வேளையில் சராசரியாக 2.3 கிலோ குறைந்தது, இரண்டு வேளையில் 3.7 கிலோ. உடனே ஜிம் கட்சி தோற்றது என்று பட்டாசு வெடிக்க வேண்டாம். இரவு உணவே இல்லாமல் போனதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். 2010-இல் கனடாவில் நடந்த எட்டு வாரச் சோதனையில், கலோரி சமமாக இருந்தபோது மூன்று வேளைக்கும் ஆறு வேளைக்கும் எடைக் குறைப்பில் வித்தியாசமே தெரியவில்லை. 2013-இல் அமெரிக்காவில் நடந்த சிறிய சோதனையில் ஆறு வேளைக்காரர்களுக்குப் பசி உணர்வுதான் கூடியது. ஒவ்வொரு முறையும் வயிறு நிறையும் முன்பே தட்டை எடுத்துவிட்டால் வேறென்ன நடக்கும்?

ஜிம் கட்சிக்கு ஒரு நியாயமும் செய்துவிட வேண்டும். 1989-இல் டொரண்டோவில் ஜென்கின்ஸ் குழுவினர், ஏழு ஆண்களுக்கு ஒரே உணவை மூன்று வேளையாகவும் 17 சிறு பகுதிகளாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 17 பகுதிகளாகச் சாப்பிட்ட இரண்டு வாரத்தில் ரத்தத்தில் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 13.5 சதவீதம் குறைவாக இருந்தது. அது ரத்தக் கொழுப்பைப் பற்றிய செய்தி, எடையைப் பற்றியது அல்ல. அந்த 17 பகுதிகளும் அளந்து கொடுக்கப்பட்டவை என்பதையும் கவனிக்க வேண்டும்.

அளந்து என்ற இடத்தில்தான் மூன்றாவது கட்சி பிரிகிறது. அலுவலக நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதினொரு மணிக்கு இரண்டு கரண்டி சர்க்கரையோடு ஒரு டீ, கூட ஒரு மெதுவடை. நாலு மணிக்கு இன்னொரு டீ, நான்கு மேரி பிஸ்கட். இரவு தொலைக்காட்சி முன்னால் ஒரு பிடி மிக்சர். அது ஒரு பிடியோடு நின்றதாக வைத்துக்கொள்வோம். தோராயமாக, டீ இரண்டும் சேர்ந்து 180 கலோரி, வடை 130, பிஸ்கட் 100, மிக்சர் 150. ஆக 560. ஒன்றரைக் கப் சோறு, சாம்பார், பொரியல், ஒரு கரண்டி தயிர் என்று அளவாகச் சாப்பிட்டால் மதியச் சாப்பாடே 450-ஐ ஒட்டித்தான் வரும். அதாவது இவர் நான்காவதாக ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். ஆனால் இலை போடவில்லை, கை கழுவவில்லை, அதனால் கணக்கில் வரவில்லை. "நான் சாப்பிடுவதே கொஞ்சம்தான்" என்று அவர் சொல்வது பொய்யல்ல. அவர் அப்படித்தான் நம்புகிறார். டீயில் கரைந்த சர்க்கரை வயிற்றை நிரப்புவதுமில்லை. அதற்காக அடுத்த வேளைச் சோறு குறைவதுமில்லை.

ஆறு வேளைத் திட்டம் நம் வீடுகளில் கவிழ்வதும் இதனால்தான். நடுவில் பழமும் சுண்டலும் சேர்த்தால் காலை நான்கு இட்லி இரண்டாக வேண்டும், மதியச் சோறு பாதியாக வேண்டும். சேர்ப்பது உற்சாகமாக நடக்கிறது. கழிப்பதற்கு ஆள் இல்லை. தானே சமைத்து, தானே டப்பாவில் அடைத்து எடுத்துப்போகிறவருக்கு ஆறு வேளை ஒத்துவரும். கூட்டுக் குடும்பத்தில் "இன்னொரு கரண்டி போட்டுக்கொள்" என்ற குரலுக்கு நடுவே சாப்பிடுகிறவருக்கு மூன்று வேளையே பாதுகாப்பு, ஏனெனில் மறுப்பதற்கு மூன்றே சந்தர்ப்பங்கள்தான்.

என் ஓட்டு பாட்டி கட்சிக்கு, ஒரு திருத்தத்தோடு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு இரவு எட்டரைக்குத்தான் அடுத்த சாப்பாடு என்றால், நடுவில் ஏழரை மணி நேரம் வெறும் வயிறு; இரவில் பாய்ந்துதான் சாப்பிடுவோம். நாலரை மணிக்கு ஒன்று இருக்கட்டும். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராம் சுமார் 165 கலோரி, புரதமும் நாரும் உண்டு. அதே 100 கிராம் முறுக்கோ மிக்சரோ 500-ஐத் தொடும். வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் அதுவும் 100 கிராமுக்கு 560-க்கு மேல்; கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவைத்துவிட வேண்டும்.

இந்த வாக்கெடுப்பில் சிலருக்கு இடமில்லை. இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள், இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு எத்தனை வேளை என்பது மருத்துவர் எழுதித் தருவது. வளரும் குழந்தைகளுக்கு மாலைப் பலகாரம் தேவையே. பாக்கெட்டில் அடைத்ததாக இல்லாமல் இருந்தால் போதும்.