எக்ஸ்எல் என்றால் ஓடு: என்விடிஏவுடன் ஒன்பது வருஷம்

போன வாரம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கடைத் தம்பி எஸ்எஸ்டி மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்கிற இலவச மென்பொருளான என்விடிஏ அழிந்திருக்கும் என்று தெரியும். அதே வேலைக்கு விண்டோஸோடு வருகிற நரேட்டரையாவது எழுப்பலாம் என்று விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்தினேன். அதுவும் வாய் திறக்கவில்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் ஓகே பண்ணித்தானுங் குடுத்தேன், ஸ்கிரீன்ல பாருங்கண்ணா."

ஸ்கிரீன்ல பார்க்கச் சொல்கிறார்! மகளைக் கூப்பிட்டேன். "ஸ்பீக்கர் படத்து மேல சிவப்பா பெருக்கல் போட்டிருக்குதுப்பா" என்றாள். சவுண்ட் டிரைவர் என்கிற மென்பொருளையே போடவில்லை. கண் தெரிகிறவருக்கு அது பாட்டு கேட்காத தொல்லை, எனக்கோ மானிட்டரே இல்லாத மாதிரி. அரை மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகுதான் ஆபீஸ் பையில் யூஎஸ்பி ஹெட்செட் இருப்பது ஞாபகம் வந்தது. அதற்குள்ளேயே சவுண்ட் கார்டு இருப்பதால் தனி டிரைவர் கேட்காது. செருகியதும் உயிர் வந்தது. சாவிக்கொத்தில் எப்போதும் தொங்குகிற பென் டிரைவில் என்விடிஏவின் போர்ட்டபிள் காப்பி, அதாவது நிறுவாமலே ஓடுகிற பிரதி, உண்டு. அதை ஓட்டி, அதிலிருந்தே கணினியில் நிறுவிக்கொண்டேன். நடுவில் விண்டோஸ் "அனுமதிக்கலாமா" என்று கேட்கிற பெட்டி வந்தால் போர்ட்டபிள் காப்பி ஊமையாகிவிடும். பயப்படாமல் ஆல்ட், ஒய் அழுத்தினால் போதும். புதிதாக வருகிறவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லிப் புலம்பியபோதுதான் பொள்ளாச்சி நண்பர் கேட்டார்: "என்ற அக்கா புள்ளைக்கு ஜாஸ் வாங்கறதா, இந்த ஓசி என்விடிஏவைப் போடறதா? அதுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் குடுப்பீங்க?" ஜாஸும் திரையைப் படித்துச் சொல்கிற மென்பொருள்தான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம், கோபம் பாக்கி இருந்ததால் நீண்டுவிட்டது.

எனக்குப் பார்வை முழுதாகப் போன பிறகு முதலில் பழகியது ஜாஸ்தான், லைசென்ஸ் இல்லாமல். 40 நிமிஷம் பேசும், பிறகு நின்றுவிடும், கணினியை அணைத்துப் போட்டால் இன்னொரு 40 நிமிஷம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற ஆள் 40 நிமிஷத்துக்கு ஒரு தடவை கணினியை அணைத்தால் முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? விலை கேட்டால் லேப்டாப்பே பரவாயில்லை என்று தோன்றியது. என்விடிஏ பிறந்ததும் இந்த விலைக் கொடுமையில்தான். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத ஆரம்பித்தார். சின்ன வயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமில் பழக்கமான ஜேம்ஸ் டெஹ் பிறகு சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை கிடையாது. திரை பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றிக் குறையே இல்லை. கூடவே வருகிற ஈஸ்பீக் குரலை நான் வைத்திருக்கிற வேகத்தில் கேட்டால் மகள் "வண்டு பறக்குதுப்பா" என்பாள். அம்புக்குறியைத் தொட்டவுடன் அடுத்த வரி காதில் விழும், கன்ட்ரோலைத் தொட்டவுடன் நிற்கும். கம்பெனிக் கணினி இன்னும் விண்டோஸ் 7. அதில் என்விடிஏ 2023.3 வரிசைக்கு மேல் ஏறாது, ஆனாலும் சண்டித்தனம் பண்ணாமல் ஓடுகிறது. வருஷத்தின் முதல் பதிப்பு வரும்போதெல்லாம் கூடுதல் வசதிக்காகச் சேர்த்துக்கொள்கிற ஆட்-ஆன்களில் பாதி படுத்துக்கொள்வது ஒரு எரிச்சல்தான். யாராவது புதுப்பித்துப் போடும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன்.

கம்பெனியின் சலான் புரோகிராம் தனிக்கதை. எழுதியவர் எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. அதனால் டேப் அடிக்க அடிக்க "பட்டன், பட்டன், பட்டன்" என்று வருகிறது. காஜா பட்டன் செக்‌ஷனில் நிற்கிற மாதிரி இருக்கும். நாலாவது பட்டன் சேமிக்க, ஐந்தாவது அழிக்க என்று விரல்கணக்கில் வைத்திருக்கிறேன். இதற்கு என்விடிஏவைத் திட்ட முடியாது, புரோகிராம் சொன்னதைத்தானே அது சொல்லும்?

அப்படித் திட்ட முடியாத இன்னொரு விஷயத்துக்குத்தான் ஒன்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கூலிப் பட்டியல் வரும். டைப் அடிக்கிற அக்கா இருபது வருஷமாகப் பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர். திறந்தால் முதல் வரியை என்விடிஏ இப்படிப் படிக்கும்: "டாலர் ஒய்பிஜி ஜிஎல் பே."

கூலிப் பட்டியலாம் அது! பாமினியில் 'கூ' என்பது டாலர் குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. டாலர் சிட்டியான திருப்பூருக்குப் பொருத்தம்தான், என்ன செய்ய. லேபிள் ஒன்று, உள்ளே இருக்கிற துணி வேறு. திரையில் தெரிவது தமிழ் வடிவம், ஃபைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. என்விடிஏ லேபிளைப் பார்க்காது, துணியைத்தான் தொட்டுப் பார்க்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் அடித்திருந்தால் ஈஸ்பீக்கின் தகரடப்பாத் தமிழிலோ விண்டோஸின் வள்ளுவர் குரலிலோ அழகாகப் படித்துவிடும்.

என்விடிஏவில் பேச்சு அகராதி என்று ஒரு வசதி உண்டு. இந்த எழுத்து வந்தால் இப்படிப் படி என்று சொல்லித்தரலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து சொல்லித்தந்தேன். பாமினியில் 'வா' என்பது டி, ஹெச். அதை அடித்து 'வா' என்று படிக்கச் சொன்னேன், வார்த்தைக்குள் எங்கே வந்தாலும். திங்கட்கிழமை, சரக்கு வாங்குகிற பையரின் ஆங்கில மெயிலைத் திறந்தால் 'தேங்க்ஸ்' எல்லாம் 'வாங்க்ஸ்' ஆகிவிட்டது. கொங்கு நாட்டு வரவேற்பு! மொத்தத்தையும் அழித்தேன்.

அடுத்து, பாமினியை யூனிகோடாக மாற்றுகிற கருவி ஒன்றைப் பிடித்தேன். தமிழ் ஒழுங்காக வந்தது. ஆனால் பட்டியலில் ஆங்கிலமும் கலந்திருக்குமே, அதையும் சேர்த்து மாற்றிவிட்டது. மீடியம் சைஸின் எம் 'ஆ' ஆனது, எல் 'டு' ஆனது, எக்ஸ்எல் 'ஓடு'. நூற்றைம்பது டஜன் ஓடு, எண்பது டஜன் ஆ. டபுள் எக்ஸ்எல் வந்த இடத்தில் 'ஓஓடு' என்று அது கத்தியபோது பக்கத்து டேபிள் செக்கிங் அம்மா நிஜமாகவே எழுந்துவிட்டார்.

அக்காவிடம் ஒருநாள் பேசிப் பார்த்தேன்.

"ஏனுந் தம்பி, எழுத்து நல்லாத்தானுங்களே தெரியுது?"

"உங்களுக்குத் தெரியுதுங்க்கா. எனக்கு டாலர் ஒய்பிதானுங் கேக்குது."

"அப்ப உங்க மிஷின்லதான் ஏதோ கோளாறுங்க தம்பி."

அவர் மேல் கோபமில்லை. அந்தக் காலத்தில் டிடிபி சென்டரில் கற்றுக்கொடுத்ததை அவர் விரல் செய்கிறது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. யூனிகோடும், தமிழுக்கென்றே செய்த டேஸ்16உம்தான் இனி தமிழுக்குக் குறியீடு என்று அரசு ஆணை வந்ததும் அதே ஜூனில்தான். நானும் மாநாடு நடந்த கொடிசியா வளாகத்துக்குப் போனேன், அப்போது கண் தெரியும். அலங்கார வண்டிகளை வாய் பிளந்து பார்த்துவிட்டு, கூட்டத்தில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்து வந்தேன். எழுத்துருவைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று காது கொடுக்கவில்லை. இப்போது காது மட்டும்தான் இருக்கிறது, பாமினி எங்கள் கம்பெனியை விட்டுப் போகவில்லை.

என்விடிஏகாரர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. எழுத்துருவின் பெயரை அதனால் சொல்ல முடியும். இன்சர்ட்டையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் "பாமினி, 12 பாயின்ட்" என்று தெளிவாகச் சொல்கிறது. பாமினி என்று தெரிந்த பிறகும் 'டாலர் ஒய்பி' என்று ஏன் படிக்க வேண்டும்? அந்த எழுத்துருவில் இருப்பதை மட்டும் மாற்றிப் படித்தால் எக்ஸ்எல்லும் தப்பிக்கும், பையரின் தேங்க்ஸும் தப்பிக்கும். யாரும் திறந்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ்தானே, நீயே எழுதிக்கொள் என்று சொல்வார்கள். சரிதான். பைத்தான் புத்தகம் இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் சீசன் ஷிப்மென்ட் வந்துவிட்டது.

நண்பருக்கு: ஜாஸுக்குக் காசைக் கொட்டாதீர்கள். புள்ளைக்கு என்விடிஏவைப் போட்டுக்கொடுங்கள், கூடவே முந்நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி ஹெட்செட். மார்க் கேட்டீர்கள். ஐந்துக்கு இரண்டு. போன செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன். இன்று வெள்ளிக்கிழமை, மணி நாலாகிவிட்டது, அக்கா இப்போதுதான் மெயில் அனுப்பியிருக்கிறார்.