கரண்ட் போனாலும் சேவ் போகாது: ஸ்விட்ச் லைட்டில் ஃபைனல் ஃபேண்டஸி 1 முதல் 6 வரை

போன ஐப்பசியில் நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஆரம்பித்தேன், தை மாதம் அறுப்பு மெஷின் வயலில் இறங்குவதற்குள் ஆறில் நாலு கேமை முடித்துவிட்டேன். ஃபைனல் ஃபேண்டஸி என்ற பழைய ஜப்பானியக் கதை கேம் வரிசையைப் புதுப்பித்த பிக்சல் ரீமாஸ்டர், 1 முதல் 6 வரையான தொகுப்பு, நிண்டெண்டோவின் கையடக்க மெஷினான ஸ்விட்ச் லைட்டில். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்குங்கள். அதிலும் எங்கள் முத்துப்பேட்டை பக்கம் மாதிரி மழைக்கு ஒரு தடவை, காற்றுக்கு ஒரு தடவை கரண்ட் போகிற ஊரில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், இந்த வகை கேம் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்கே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. என் வயதுக்காரர்கள் எல்லாரும் ஆடியது திருத்துறைப்பூண்டி கடைத்தெருவில் வாங்கிய டிவி கேம்தான், ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கில் கேம் இருப்பதாக மேலே ஒட்டியிருக்கும், உள்ளே போட்டால் மேரியோவும் கான்ட்ராவும் டாங்கியும் திரும்பத் திரும்ப வரும். அது ஜப்பானின் ஃபேமிகாம் மெஷினைப் பார்த்துச் செய்த நகல். அசல் ஃபேமிகாமில் ஜப்பான் பிள்ளைகள் 1986-ல் டிராகன் குவெஸ்ட் ஆடினார்கள், 1987-ல் முதல் ஃபைனல் ஃபேண்டஸி ஆடினார்கள். நமக்கு அவை வரவில்லை. ஜப்பானிய எழுத்து ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் சேவ். நாற்பது மணி நேரக் கதையை ஒரே மூச்சில் யாரும் ஆட முடியாது, ஆடிய இடத்தை நினைவில் வைக்க கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி வேண்டும், நாம் வாங்கிய மலிவு கேசட்டில் அது கிடையாது. பேட்டரி இல்லாத முதல் டிராகன் குவெஸ்டில் 20 எழுத்து மந்திரம் ஒன்றைத் திரையில் காட்டுவார்கள், பிள்ளைகள் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டாவது டிராகன் குவெஸ்டில் அது 52 எழுத்து வரை போனது. ஒரு எழுத்து தப்பினால் அவ்வளவு நாள் ஆடியதும் போச்சு.

இந்த ரீமாஸ்டரில் எனக்கு முதலில் பிடித்ததும் அந்த சேவ்தான். ஒரு இடத்தை விட்டு அடுத்த இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் தானாக சேவ் ஆகிவிடும், அது போக சண்டையில் இல்லாத எந்த நேரத்திலும் மெனுவைத் திறந்து குயிக் சேவ் போட்டுக்கொள்ளலாம். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் 1990-ல் வந்த மூன்றாவது ஃபைனல் ஃபேண்டஸியின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், அசலில் கிரிஸ்டல் டவர் என்ற கோபுரத்தில் ஏறத் தொடங்கினால் கடைசி எதிரி வரைக்கும் நடுவில் எங்கேயும் சேவ் கிடையாது, செத்தால் கோபுரத்தின் அடியிலிருந்து மறுபடி ஏற வேண்டும். நான் அங்கே இருந்தபோது கார்த்திகை மழை, சாயங்காலம் ஆறு மணிக்குப் போன கரண்ட் ராத்திரி பத்தரைக்குத்தான் வந்தது. ஸ்விட்ச் லைட்டில் அப்போது பாதி சார்ஜ் இருந்தது. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குயிக் சேவ் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கொசுவத்திப் புகையில் உட்கார்ந்து அந்தக் கோபுரத்தை ஏறி முடித்தேன். மன்னார்குடியில் இருக்கும் மாமா பையன் இதே தொகுப்பை பிளேஸ்டேஷன் 5-ல் ஆடுகிறான், அதே மழை, அதே நேரம், அவனுக்கும் கரண்ட் போயிருக்கிறது. "ஆட்டோ சேவ் இருந்துச்சு மச்சான், தப்பிச்சேன், ஆனா நாலு மணி நேரம் சும்மா ஒக்காந்திருந்தேன்" என்றான். பெரிய டிவியில் இந்தப் படங்கள் இன்னும் அழகாக இருக்கும் என்பது உண்மை, ஸ்விட்ச் லைட்டை டிவியில் இணைக்கவே முடியாது. இருந்தாலும் இந்த கேம்களுக்கு அந்த ஐந்தரை அங்குலத் திரை போதும் என்பது என் முடிவு. பெட்டியில் மூன்று முதல் ஏழு மணி நேரம் என்று பேட்டரிக் கணக்கு சொல்கிறார்கள், பழைய பிக்சல் கேம் என்பதால் எனக்கு ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்ததே இல்லை.

அடுத்தது ரேண்டம் என்கவுண்டர். நாலு அடி நடந்தால் சண்டை, திரும்ப நாலு அடி நடந்தால் சண்டை, பழைய ஜேஆர்பிஜியை, அதாவது இந்த மாதிரி ஜப்பானியக் கதை கேமை, பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் இதனால்தான் விட்டிருப்பார்கள். ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோல்களுக்கு 2023 ஏப்ரலில் வந்த பதிப்பில் அதை மொத்தமாக அணைத்து வைக்கலாம். அனுபவப் புள்ளியையும் காசையும் நான்கு மடங்கு வரை கூட்டலாம், வேண்டாமென்றால் பாதியாகக் குறைக்கலாம், பூஜ்யமும் ஆக்கலாம். நான் எப்படி ஆடினேன் என்றால், புதுக் குகைக்குள் முதல் தடவை போகும்போது எல்லாம் அசல் அளவிலேயே இருக்கும், விட்டுப்போன பெட்டியை எடுக்கத் திரும்பப் போகும்போது மட்டும் சண்டையை அணைத்துவிடுவேன். முழுக்க அணைத்துவிட்டு ஆடாதீர்கள், லெவல் ஏறாமல் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள், குகை என்பது பயந்து பயந்து நடக்கிற இடம் என்கிற உணர்வும் போய்விடும். இரண்டாவது கேமுக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் லெவல் என்பதே கிடையாது, வாளை எவ்வளவு வீசுகிறோமோ அவ்வளவுக்கு வாள் பழகும், எவ்வளவு அடி வாங்குகிறோமோ அவ்வளவுக்கு உயிர் கூடும், அதனால் ஆட்கள் தங்களைத் தாங்களே அடித்துக்கொண்டு உயிரை ஏற்றுவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். அங்கே வளர்ச்சி வேகத்தை ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள், பாவமே இல்லை.

வாங்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிண்டெண்டோவின் நேரடி விற்பனை நம் நாட்டில் இல்லை, கடைகளில் கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிற சரக்கு. மெஷினை நான் சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன், வாரண்டி ஒரு வருஷம் என்று வாயால் சொன்னார்கள், பில்லில் எழுதவில்லை. கூடவே 128 ஜிபி என்று தலையில் கட்டிய மெமரி கார்டு போலி, போன் செய்தால் எடுக்கவில்லை. அதனால் பில்லில் எழுதி வாங்குங்கள். கார்டே தேவையில்லை, லைட்டில் உள்ள 32 ஜிபியில் இந்த ஆறு கேமும் தாராளமாக அடங்கும். கேமை நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையில், கணக்கை அமெரிக்கா என்று திறந்து கிஃப்ட் கார்டு போட்டு வாங்கினேன், ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 75 டாலர், தனித்தனியாகவும் வாங்கலாம். முதல் இரண்டும் 12 டாலர் சுமார், மற்றவை 18 டாலர் சுமார்.

சரி, ஆறாவது கேம். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1994-ல், ஃபேமிகாமுக்கு அடுத்த மெஷினான சூப்பர் ஃபேமிகாமில் வந்தது. நாயகன் என்று ஒருத்தர் கிடையாது, 14 பேர், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை. வில்லன் கெஃப்கா பேரரசின் ஆள். டோமா என்று ஒரு கோட்டையை ராணுவம் சுற்றி வளைத்து நிற்கிறது, நியாயமாகப் போரிட நினைக்கும் தளபதி லியோவை அரசர் கூப்பிட்டு அனுப்பிவிடுகிறார், அவர் முதுகு திரும்பியதும் கெஃப்கா ஆற்றில் விஷத்தைக் கலக்கிறான். நம் ஆட்களே உள்ளே சிறையில் இருக்கிறார்களே என்று ஒரு சிப்பாய் சொல்லியும் கேட்கவில்லை. தண்ணீர் நிறம் மாறிக் கோட்டையை நோக்கிப் போகிறது. அந்த இடத்தில் அப்பாயி என் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தது, கண் சரியாகத் தெரியாது, ஆனாலும் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சொன்னேன். எழுந்து உட்கார்ந்துவிட்டது. "ஏன்டா தம்பி, ஆத்துலயா வெசத்த கலக்குறான்? குடிக்கிற தண்ணியாச்சேடா" என்றது. நாங்கள் கடைமடை, மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, மூணாறு தலைப்பில் பிரிந்து கோரையாற்றில் எங்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று வருஷா வருஷம் கரையில் நின்று பார்க்கிறவர்கள். மேலே இருக்கிறவன் கையில் நம் தண்ணீர் இருக்கிறது என்றால் என்ன என்று அப்பாயிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோட்டைக்குள் சயான் என்கிற வீரர் தன் மனைவியும் பையனும் செத்துக் கிடப்பதைப் பார்க்கிறார், அப்புறம் செத்தவர்களை ஏற்றிக்கொண்டு போகிற பேய் ரயிலில் அவர்கள் ஏற, இவர் பிளாட்பாரத்தில் கூடவே ஓடுகிறார். 24 பிக்சல் உயரத்தில் ஒரு சின்ன பொம்மை, முகம்கூடத் தெரியாது, தலை குனிவதும் கை தூக்குவதும்தான். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்ய முடிகிறது.

பாதிக் கதையில் உலகம் அழிந்துவிடுகிறது. தெரிந்தே ஆடுங்கள், கேம் பழையது, இதை மறைத்து எழுத முடியாது. ஒரு வருஷம் கழித்து செலஸ் என்கிற பெண் தனித் தீவில் கண் விழிக்கிறாள். கூட இருப்பது சித் என்கிற முதியவர் ஒருத்தர்தான், அவரும் நோயில் படுத்திருக்கிறார். கரைக்குப் போய் மீன் பிடித்து வந்து கொடுக்க வேண்டும், வேகமாக நீந்துகிற மீன் நல்ல மீன், மெதுவாக நகர்வது கெட்ட மீன், எதைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அவர் பிழைப்பார், இல்லாவிட்டால் போய்விடுவார். கேம் இதை வாய்விட்டுச் சொல்லாது. கடற்கரை ஊரில் வளர்ந்தவனுக்கு அது தானாகத் தெரிந்தது. என் சித் பிழைத்துக்கொண்டார்.

அங்கிருந்து தெப்பம் ஏறிக் கிளம்பியபின் நடப்பதுதான் இந்த கேமை மற்ற எல்லாவற்றையும் விட மேலே வைக்கிறது. சிதறிப்போன கூட்டாளிகளைத் தேட வேண்டும். முதலில் ட்ஸென் என்ற ஊரில் ஒரு வீடு இடிந்து விழுகிறது, சேபின் அதைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், உள்ளே மாட்டிய குழந்தையை ஆறு நிமிஷத்துக்குள் எடுத்து வர வேண்டும். அப்புறம் எட்கர், அப்புறம் ஆகாயக் கப்பல் வைத்திருக்கும் செட்சர். அதற்கு மேல் யாரையும் தேடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நேராகக் கெஃப்காவின் கோபுரத்துக்குப் போய்விடலாம். நீங்களாகத்தான் தேடிப் போக வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்து முடித்தபின் எங்கள் ஊர் இப்படித்தான் இருந்தது, தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது, போன் டவர் இல்லை, வேதாரண்யம் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்கு என்ன ஆச்சு என்று தெரியவில்லை. அப்பாவும் நானும் பைக்கில் கிளம்பி, விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி, வழியில் தெரிந்தவர் வீடு ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துக்கொண்டே போனோம். அத்தை ஓடு பறந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து நனைந்த அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் "சாப்டியளா" என்று கேட்டது. ஆறாவது கேமில் ஒவ்வொருத்தரைக் கண்டுபிடிக்கும்போதும் எனக்கு அந்த வாசல் நினைவு வந்தது. சயான் அழிந்த உலகத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார் தெரியுமா, காதலன் செத்தது தெரியாமல் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு, அவன் பெயரில் கடிதமும் துணியில் செய்த பூவும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

ஆறாவது கேமில் வரும் ஓபரா என்கிற பாட்டு நாடகக் காட்சியை இந்தப் பதிப்பில் நிஜக் குரலில் பாட வைத்திருக்கிறார்கள், ஏழு மொழிகளில். செலஸ் பாடகி வேஷத்தில் மேடையேறும்போது அடுத்த வரியை நாம்தான் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், முன்பே வசனத்தைப் படித்து மனப்பாடம் செய்யாவிட்டால் தப்பிவிடும். மெலட்டூர் பாகவத மேளாவை ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, வேஷம் கட்டியவர் பாட ஆரம்பித்ததும் கூட்டம் அடங்குகிற அந்த அமைதி தெரியும், அதைத்தான் இங்கே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள், வந்திருக்கிறது. இசை நோபுவோ உயெமாட்சு. புது வாத்திய அமைப்பு, பழைய சூப்பர் ஃபேமிகாம் ஒலி இரண்டும் இருக்கின்றன, மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். நான் சண்டைக்குப் பழையது, ஓபராவுக்குப் புதியது என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். எழுத்து வடிவத்தையும் பழைய பிக்சல் எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள், படத்தோடு ஒட்டி நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. நிண்டெண்டோவின் பழைய கையடக்க மெஷினான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த பதிப்புகளில் கூடுதலாக வந்த குகைகளும் எதிரிகளும் இதில் ஒன்றும் கிடையாது, அவற்றை ஆடி வளர்ந்தவர்களுக்கு இது கை குறைந்த மாதிரி இருக்கும். விலையும் முப்பது வருஷத்துக்கு முந்தைய கேமுக்கு அதிகம்தான், தள்ளுபடி வரும்வரை காத்திருப்பது நல்லது. தமிழ் இல்லை, ஆங்கில வசனம் நிறைய வாசிக்க வேண்டும், பத்தாவது படிக்கிற பிள்ளை அகராதியோடு ஆடலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று மாமா பையன் கேட்டான், எல்லாரும் கேட்பார்கள். நாலாவதில் ஆரம்பியுங்கள், கதை நேராக ஓடும், சீக்கிரம் பிடித்துப்போகும். அடுத்து ஆறு. அது முடிந்தபின், வீரர், மந்திரவாதி என்று ஆட்களின் வேலைகளை மாற்றி மாற்றிப் பழகும் ஐந்து. மூன்றாவதை மறக்காதீர்கள், அதன் பழைய இருபரிமாண வடிவம் ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வந்ததே இந்த ரீமாஸ்டரில்தான். ஒன்றும் இரண்டும் கடைசியில் போதும், எனக்கு பாக்கி இருப்பது ஒன்றும் ஐந்தும். ஆறாவதைக் கெஃப்கா வரை முடித்துவிட்டேன், 41 மணி நேரம் ஆனது, ஆனால் 14 பேரில் ஒருத்தரை நான் கண்டுபிடிக்கவில்லை. கோகோ என்று பெயர், ஒரு தீவில் ஆளை விழுங்கும் ஜந்து ஒன்றின் வயிற்றுக்குள் இருக்கிறாராம். அப்பாயி விடவில்லை, "அவர மட்டும் ஏன் உட்டுட்டு வந்த" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. பழைய சேவ் அப்படியே இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி அந்தத் தீவுக்குப் போகிறேன்.