பொன்னாடையா, இடுப்பளவுப் பாத்தியா?

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற சமூகத் தோட்டத் திட்டத்தை 2005-இல் தொடங்கியது. அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்குகளின் அடியில் மண்ணைக் கொத்திய தொண்டூழியர் பலருக்கு இன்று குனிய முடியவில்லை. ஓய்வுபெறும் அவர்களை எப்படிக் கௌரவிப்பது?

சமூக மன்றத்தில் விழா எடுத்து, பொன்னாடை போர்த்தி, கேடயம் தரலாம். செலவு குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும். தாத்தா மேடையேறுவதைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அதை லேசாக எண்ணக்கூடாது. ஆனால் சிறப்பு விருந்தினர் பேசி முடிப்பதற்குள் பாதிப் பெயர்கள் விட்டுப்போகும் (சால்வையும் அடுத்த விழாவுக்குக் கைமாறும்!).

இன்னொன்று, அவர்கள் பெயரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பாத்தி. அகலம் ஒரு மீட்டரைத் தாண்டக்கூடாது. அப்போதுதான் இருபுறமிருந்தும் நடுச்செடிக்குக் கை எட்டும். சக்கர நாற்காலி நுழையப் பாதை விட வேண்டும். கீரை, பாண்டான் (ரம்பை), சங்குப்பூ நன்றாக வரும். முருங்கை வேண்டாம், வேருக்கு ஆழம் போதாது. மழையில் மண் இறங்கிக்கொண்டே இருக்கும், இளையவர்கள்தான் நிரப்ப வேண்டும். புளோக்கில் மேம்பாட்டுப் பணி வந்தால் பாத்தி இடம் மாறவும் நேரலாம்.

என் ஓட்டு பாத்திக்குத்தான். “போதும்ப்பா, இனி வெயில் வேண்டாம்” என்பவருக்கு மட்டும் கேடயம். முதலில் அவரையே கேட்டுவிடுங்கள்.